சமதரை வண்டி

பிப்ரவரி 9

அறப்பளி இன்று எனக்கு ஒரு வேலை கொடுத்தார். கணவரின் பெயரை எழுத்தில்தான் சொல்ல முடிகிறது. வீட்டில் "ஏனுங்க" மட்டும்தான். வண்டியை கேஸுக்கு மாற்றினால் என்ன நல்லது, என்ன கெட்டது என்று நான் படித்துச் சொல்ல வேண்டுமாம்.

வண்டி என்பது எங்கள் குட்டி யானை. பல வருடங்கள் பிறத்தியார் லாரிகளுக்கு ஆக்டிங் டிரைவராகப் போன பிறகு அவர் வாங்கிய முதல் சொந்த வண்டி. டீசல் வண்டி அன்று கைக்கு எட்டாததால் பெட்ரோல் வண்டி. விடியும் முன் மளிகைச் சரக்கோடு கொல்லிமலை ஏறுவார். மேலே செம்மேட்டில் பெரியண்ணன் மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு, வாழைத்தாரோ பலாவோ அன்னாசியோ ஏற்றிக்கொண்டு சேலம் மார்க்கெட்டுக்கு இறங்குவார். மறுநாளைக்கான மளிகையோடு பொழுது சாயும் நேரத்தில் இந்த அடிவாரத்து வீட்டுக்கு வருவார். மலையின் எழுபது வளைவுகளும் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கின்றன.

"பெரியண்ணன் லோடு இருக்கற வரைக்குந்தான் புள்ள வண்டி நம்முளது. அது போச்சுன்னா வண்டியும் போச்சு. அதனால பாத்து செய்யோணும்" என்றார். பிறகு, "நீ படிச்சவ. நீ சரின்னா சரி."

இப்படி ஒருவர் நம்புவது எவ்வளவு பாரமானது என்று அவருக்குத் தெரியாது.

பிப்ரவரி 13

வேறு எதையும் படிக்கவில்லை. வரலாற்று எம்.ஏ.வுக்குக்கூட இவ்வளவு குறிப்பு எடுத்ததில்லை.

கேஸ் மலிவு. லிட்டர் கணக்கில் பெட்ரோலைவிடக் கொஞ்சம் அதிகமாகவே செலவாகும். அதைக் கழித்தாலும் லாபம்தான். எஞ்சின் ஆயில் சீக்கிரம் கறுக்காது. புகையும் சத்தமும் குறைவு. கெட்டது என்றால், டேங்க் லோடு ஏற்றும் இடத்தில் ஓரடியைப் பிடித்துக்கொள்ளும். அதை முழுக்க நிரப்பவும் முடியாது. வெயிலில் கேஸ் விரிவதற்கு ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட வேண்டும். ஆர்.சி.யில் பதிய வேண்டும், இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டும். வண்டியைக் காலையில் பெட்ரோலில் கிளப்பிச் சூடேறிய பிறகே கேஸுக்கு மாற்ற வேண்டும். இழுவை கொஞ்சம் குறையும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை.

அவர் சாப்பிடும்போது சொன்னேன். டேங்க் பிடிக்கும் இடத்தைப் பற்றி இரண்டு முறை கேட்டார். இழுவை பற்றியும் சொன்னேன் என்றுதான் நினைவு.

"பங்க் எங்கிருக்குது?"

"நம்ம பக்கத்துல இல்லீங்க. சேலத்துலதான்."

"தெனம் சேலம் போறதுதான."

"போறீங்க. சாயங்காலம் நெரப்பிட்டு இங்க வந்து, காலைல மலையேறி எறங்கி, மறுபடி சேலம் போறதுக்குள்ள தீர்ந்துருமோ என்னமோ. சேலத்துலயே இருக்கறவங்களுக்கு வசதி."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "அப்பச் சேலத்துல வீடு பாக்கோணுங்கற."

"நான் அப்பிடிச் சொல்லலீங்களே."

சேலத்துக்குப் போகும் யோசனை அவருடையது. அதைக் குறித்து வைக்கிறேன்.

பிப்ரவரி 15

அத்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அத்தை என்றால் என் மாமியார் பாவாயி. வெங்காயம் உரித்துக்கொண்டே விசாரணை நடத்தினார்.

"அடுப்புல எரியறத வண்டில கட்டிக்கிட்டு, அதுக்கு முன்னால இவன் உக்காந்துக்குவானா?"

"கெட்டியான டேங்குதானுங்க அத்தை. பின்னாலதான் இருக்கும்."

"பின்னால இருந்தா? வெடிச்சா முன்னாலதான கண்ணு தள்ளும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையும் சிரித்தார். அத்தையிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. கஷ்டமே அதுதான். நான் புத்தகத்தை எடுத்தால் உடனே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். படிப்பது என்றால் பேச ஆளில்லாமல் தனியாக இருப்பது என்று அவருக்கு ஓர் எண்ணம். "நீ படி கண்ணு, நான் இங்கதான் இருக்கறேன்" என்பார். பிறகு பேசத் தொடங்குவார். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நான் ஒரு புத்தகத்தைக்கூட ஒரே மூச்சில் முடித்ததில்லை. எங்கள் அறைக்குத் திரைதான் உண்டு. கதவு இல்லை.

இதை யாரிடம் புகாராகச் சொல்ல முடியும்? அன்பாக இருக்கிறார்கள், தாங்கவில்லை என்றா?

மார்ச் 2

சேலம் போனோம். கேஸ் கிட் போடுகிற ஜாபர் பாயின் ஒர்க்ஷாப் ஐந்து ரோடு பக்கம், ஒரு சந்துக்குள் இருக்கிறது. பாய் நன்றாகப் பேசுகிறார். கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அவருடைய மூன்று மருமகன்களைப் பற்றியும் தெரிந்துகொண்டேன்.

ஆர்.சி. ஜெராக்ஸ் எடுக்க அறப்பளி தெருமுனைக்குப் போனார். பாய் என்னிடம் சில கேள்விகள் கேட்டார். எந்த வருடத்து வண்டி, என்ன ஏற்றுவோம், ஓட்டம் எப்படி என்று. பதில் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

டேங்க் வந்ததும் மாட்டிக்கொடுப்பாராம். பஸ்ஸுக்கு நடந்து வரும்போது, ஒரு மாடிப்படிக்குக் கீழே "வீடு வாடகைக்கு" என்று எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார்.

"கேட்டுப் பாக்கலாமா?"

ஒரு ஹால், ஒரு சமையலறை, ஓர் அறை. அறையின் கதவைச் சாத்திப் பார்த்தேன். கொஞ்சம் உரசுகிறது, ஆனால் முழுதாக மூடுகிறது. நடந்து போகும் தூரத்தில் நூலகம்.

மார்ச் 3

அத்தைக்கு முழங்கால் வலி. தைலம் தேய்த்துவிட்டேன். தலை கொஞ்சம் வலிக்கிறது.

மார்ச் 21

கேஸ் மாட்டிய வண்டியில் முதல் சவாரி எனக்கு. நாமக்கல் வரை போய் வந்தோம். சுவிட்சைத் தட்டியதும் எஞ்சின் குரலைத் தாழ்த்திக்கொண்டது போல இருந்தது. பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேச முடிகிறது.

"இத்தன வருசம் வண்டி ஓட்டறன், வண்டிக்குள்ள உக்காந்து நீ பேசறது கேக்கறது இன்னிக்குத்தான்" என்றார்.

"நான் ஒண்ணும் பேசலீங்களே."

"அதுந்தான் கேக்குது."

அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 7

சேலம் வந்துவிட்டோம். அத்தை வர மறுத்துவிட்டார். இரண்டு மாடும் ஓர் எருமையும் இருக்கும்போது எப்படி வருவார்? வருவாரா மாட்டாரா என்று நான் கடைசிவரை கேட்காமல் இருந்தேன், அவர்தான் கேட்டார். "நானும் வந்துட்டா இதுகள ஆரு கண்ணு பாக்கறது?" கேட்ட விதத்தில், யாராவது ஒருவர் வற்புறுத்தியிருந்தால் எருமையை விற்றிருப்பாரோ என்று தோன்றியது. நான் எங்கள் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மதியம் கதவைச் சாத்திக்கொண்டு சாயங்காலம் வரை படித்தேன். பால்காரர் மணியடித்த பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று நினைவு வந்தது. எவ்வளவு நாளாயிற்று.

ஏப்ரல் 24

அவர் இப்போது இன்னும் சீக்கிரமாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது. அடிவாரம் போய்ச் சேரவே நேரமாகிறது. டேங்க் பிடித்த இடத்தால் பழப்பெட்டியில் ஒரு வரிசை குறைந்துவிட்டது. பெரியண்ணன் கிண்டல் செய்தாராம்: "என்ன அறப்பளி, பழம் ஏத்தறியா, இல்ல சமையல் கேஸ் ஏத்தறியா?" அவரே இதைச் சொல்லிச் சிரித்தார். ஆனாலும் லாபம் இருக்கிறது என்கிறார்.

மே 6

"வண்டி மூச்சு வாங்குது" என்றார் சாப்பிடும்போது.

"எங்கீங்க?"

"பாதி மலைக்கு மேல. மொதக் கியர்லயே போகோணுங்குது. முன்னெல்லாம் ரெண்டுல ஏறும்."

"ஏத்தத்துல பெட்ரோலுக்கு மாத்திக்கலாமுங்களே."

"மலையில கேஸ்ல ஏறாட்டி அப்பறம் எதுக்குப் புள்ள போட்டோம்? பெட்ரோல் குடிக்கறதே அங்கதான. வெயிலுக்குச் சொணங்குது. மழை பேஞ்சா சரியாப் போயிரும்."

நான் சொல்லிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். அவர் களைத்திருந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே 11

நூலகத்தில் தென்னிந்தியச் சுங்கச் சாவடிகளைப் பற்றி ஒரு பழைய நூல் கிடைத்தது. கணவாய்களில் மாடுகள் இழுக்க முடியாமல் நின்றால் பொதியில் பாதியை இறக்கி வைத்துவிட்டு இரண்டு நடையாக ஏற்றுவார்களாம். படித்துக்கொண்டே இருந்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன்.

மே 19

இன்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். கேஸில் பாரத்தோடு மலை ஏறினால் வால்வுகளுக்கு ஆகாது. இதை நான் ஏதோ ஓரிடத்தில் படித்ததாகச் சொல்லலாம். படித்ததை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார். கேட்காமலும் இருப்பார். கேட்காமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

அவர் பலாப்பழம் ஒன்று கொண்டு வந்திருந்தார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளைகளை எடுத்துக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது.

மே 29

மழை பெய்தது. வண்டி சரியாகவில்லை.

ஜூன் 8

பெரியண்ணன் மகள் கல்யாணம் நாளைக்கு. சமையல் சாமான் முழுவதும் எங்கள் வண்டியில்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். அவர் இதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். நானும் வருகிறேன் என்றேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் அரிசி மூட்டைகள், எண்ணெய் டின்கள், காய்கறி, வாழையிலைக் கட்டுகள்.

காரவள்ளி தாண்டி ஏற்றம் தொடங்கியது. வளைவுக்கு வளைவு வண்டி இருமியது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் முன்னால் குனிந்து, ஸ்டியரிங்கைத் தானே தூக்கி விடுவது போல உட்கார்ந்திருந்தார். "ஏறு சாமி, ஏறு" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. வண்டி சத்தம் குறைவு என்பதால் நன்றாகவே கேட்டது.

பாதி மலையில், ஒரு வளைவின் நடுவில் வண்டி நின்றது. பெட்ரோலுக்கு மாற்றினார். எஞ்சின் கிளம்பியது, ஆனால் இழுக்கவில்லை. கிளட்ச்சை விட்டதும் பின்னால் நழுவியது. நான் கதவைத் திறந்து குதித்து, ரோட்டோரக் கல்லை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தேன். புடவையெல்லாம் சேறு. எங்களுக்குப் பின்னால் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஆட்கள் இறங்கி வந்தார்கள்.

"என்னப்பா, சமதரை வண்டியக் கொண்டாந்து மலைல நிறுத்திட்டு?" என்றார் ஒரு பெரியவர்.

"கேஸ் வண்டிங்க தாத்தா. குக்கர் விசிலடிச்சாத்தான் கெளம்பும்" என்றான் யாரோ.

அவர் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். வண்டியை நாலு பேராகத் தள்ளி ஓரங்கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து மாதேஷின் டீசல் வண்டி வந்தது. அவனும் மலைக்கு லோடு அடிக்கிறவன். அவருக்குப் பழக்கம்தான்.

"என்ன மாப்ள, அடுப்ப அணைச்சுட்டயா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினான். அவர் முகத்தைப் பார்த்ததும் கிண்டலை நிறுத்திக்கொண்டான். "சரி உடு. சாமானத்த ஏத்து. கல்யாண ஊட்டுல அடுப்பு எரிய வேண்டாமா?"

இருவருமாக மூட்டைகளை மாற்றினார்கள். நான் இலைக்கட்டுகளைக் கொடுத்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, பெரியண்ணன்தான். அவர் எடுத்தார். "வந்துருச்சுங்க... இல்லீங்க, மாதேஷ் வண்டீல வருதுங்க... ஆமாங்க. மன்னிச்சுக்கோங்க." பேச்சு முடிந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மாதேஷ் எங்களையும் ஏறச் சொன்னான். "வண்டிய உட்டுட்டு எப்பிடி வாரது? நீங்க கெளம்புங்க" என்றார். கீழே இறங்கும் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டார். வளைவில் திரும்பும்போது பார்த்தேன். வண்டிக்குப் பக்கத்தில் ரோட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 11

வண்டியை ஜாபர் பாயிடம் கட்டி இழுத்து வந்தார்கள். நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

பாய் எஞ்சின் ஹெட்டை இறக்கி வைத்திருந்தார். வால்வு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஓரம் கடித்துத் துப்பியது போல இருந்தது.

"எங்கீங்க ஓட்டுனீங்க இத?"

"கொல்லிமலை" என்றார் அறப்பளி.

பாய் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "மலையா? நான் அன்னிக்கே கேட்டனே. மலை வண்டின்னா நான் போடறதில்ல, ஏத்தத்துல இழுக்காது, வால்வு போயிரும்னு சொல்லித்தான கேட்டேன். மேடம் சமதரைன்னாங்க. எழுதிக்கூட வெச்சேன். இப்ப வந்து என் கிட்டக் குத்தம் சொன்னா நான் என்ன பண்றது?"

ஆம். அவர் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தபோது பாய் அப்படித்தான் கேட்டார், இதே வார்த்தைகளில். நான் சமதரைதான் என்றேன். மார்ச் மாதக் குறிப்பில் இதை எழுதவில்லை. அவசியம் என்று தோன்றவில்லை.

ஒர்க்ஷாப்பில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க பாய்" என்றார் அவர். "நாந்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன். மலைன்னா போட மாட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"பாத்தீங்களா. டாக்டர்கிட்டயும் மெக்கானிக்குகிட்டயும் பொய் சொல்லலாமா?" பாய் உதட்டைப் பிதுக்கினார். "உங்க வண்டி, உங்க நட்டம்."

"ஆமாங்க பாய். என் தப்புதான்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். வெயில். ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். என்ன கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். கதவைப் பற்றி, அத்தை பக்கத்தில் வந்து உட்காருவதைப் பற்றி, அந்த "வாடகைக்கு" பலகையை அவர் கவனிப்பதற்கு முன்பே, போகும்போதே நான் பார்த்துவிட்டதைப் பற்றி.

"கரும்புச் சாறு குடிக்கறயா?" என்றார்.

வேண்டாம் என்றேன். பஸ் வந்தது.

ஜூன் 12

இன்றும் கேட்கவில்லை.

ஜூன் 30

வால்வு வேலை முடிந்து வண்டி வந்தது. பாய் கிட்டைக் கழற்றித் தரத் தயார் என்றார். வண்டி பழையபடி மலை ஏறியிருக்கும். ஆனால் பெரியண்ணன் லோடு இப்போது மாதேஷிடம். பெரியண்ணன் திட்டவில்லையாம். காப்பி கொடுத்து உட்கார வைத்து, "அறப்பளி, நீ நல்லவன்தாம்ப்பா. ஆனா மலையில கெடக்கறவனுக்கு வண்டி வந்து சேரோணும். அவ்வளவுதான்" என்றாராம்.

சேலத்தில் லோடு தேடுகிறார். இங்கே ஸ்டாண்டில் இருபது வண்டி நிற்கிறது. வெளியூர் வண்டி என்று இவரைக் கடைசியில்தான் விடுகிறார்கள்.

ஜூலை 10

மதியம் வீட்டில் இருந்தார். நான் வரலாற்று நூலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாக எழுந்து வெளியே போய், சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். எனக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கட்டும் என்று.

அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். வாங்க என்று கூப்பிட எழுந்தேன். கூப்பிட்டேனா என்பதை எழுதப்போவதில்லை.

ஜூலை 17

வண்டியை விற்றாயிற்று. வாங்கியவர் ஆத்தூர் பக்கம் தண்ணீர் கேன் போடுகிறவர். கேஸ் கிட் இருந்ததால்தான் எடுத்தார். ஊருக்குள் ஓட்டம், சமதரை, பக்கத்திலேயே பங்க். அவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்லீங்களே, தங்கமாட்ட இருக்குது" என்றார்.

"ஆமாங்க. சமதரைல தங்கந்தான்" என்றார் இவர். வாரம் ஒரு நாளாவது பெட்ரோலில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பெட்ரோல் பம்ப் கெட்டுவிடும், டேங்கை முழுக்க நிரப்பச் சொல்லாதீர்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். எல்லாம் நான் அவருக்குப் படித்துச் சொன்னவை. ஒன்றுகூட மறக்கவில்லை. நான் சொன்னது அத்தனையும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

ஜூலை 22

லைன் லாரிக்குப் போகிறார். நாமக்கல் லாரி, வடக்கே. போனால் வர மூன்று வாரம்கூட ஆகுமாம். மறுபடியும் பிறத்தியார் வண்டி.

இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அத்தையிடம் போய்விடுகிறேன் என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

"எதுக்கு? நூலகம் பக்கத்துல இருக்குது. நீ இங்கயே இரு. படி" என்றார். கோபமில்லை. குத்தலும் இல்லை. குத்தலாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 28

நான்கு புத்தகங்கள் எடுத்து வந்தேன். ஒன்றும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. அடிவாரத்து வீட்டுக்குப் போனேன். ஒறம்பரைச் சொந்தங்கள் எல்லாம் வந்திருந்தார்கள். அவர் நாக்பூர் பக்கம் எங்கோ.

சாப்பிட்டு முடித்ததும் சின்ன மாமனார் குப்பண்ணன் வெற்றிலையோடு ஆரம்பித்தார். "என்ன இருந்தாலும் நம்ம அறப்பளிக்கு இத்தன பேராசை ஆகாதப்பா. மலைன்னு சொன்னா மெக்கானிக்கு போட மாட்டான்னு பொய் சொல்லி மாட்டிக்கிட்டானாம். அவனே எங்கிட்டச் சொன்னான். வாயில கை வெச்சாக் கடிக்கத் தெரியாதவன்னு நெனச்சிருந்தேன்."

"பொய் சொல்லி வாங்குனது தங்குமா?" என்றார் இன்னொருவர்.

"கேஸ்ல ஓடுன வண்டி, காத்தாப் போச்சு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தை சிரிக்கவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் வாசற்படியில் நின்றுவிட்டார். மகன் பேராசைக்காரன் என்று ஊர் சொல்வதைக் கேட்க இரண்டு மாதமாக அவர் பழகியிருக்க வேண்டும். முகத்தில் அது தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அவரு பொய் சொல்லலீங்க மாமா" என்றேன். "நாந்தான் சொன்னேன். அவரு அங்க இல்லவே இல்ல. மெக்கானிக் என்னத்தான் கேட்டாரு. சமதரைன்னு நாந்தான் சொன்னேன். அவருக்குத் தெரியாது."

பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் அவை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குப்பண்ணன் மாமா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். பிறகு அவர் முகம் இளகியது. "அட, உடு கண்ணு. ஏதோ பேச்சுக்குச் சொன்னேன்."

"இல்லீங்க மாமா, நெசமாத்தான்..."

அத்தை வந்து என் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. "பாத்துக்கோங்கப்பா. புருசன் ஊர்ல இல்ல. நாலு பேரு நாலு சொன்னதும் பழியத் தன்ற தலைல எடுத்துப் போட்டுக்கறா பாரு எம்மருமக. எத்தனை பேருக்கு வரும் இந்தக் கொணம்?" சபையைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, "அவன் பண்ணுனது தப்புத்தான் கண்ணு. அதுக்கு நீ எதுக்குப் பொய் சொல்லோணும்?"

ஒரு சித்தி என் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தார். பேச்சு வேறு பக்கம் திரும்பியது. யாரோ எனக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றினார்கள்.

இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். எழுந்து நின்று, ஏன் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். காரணம் இல்லாத உண்மையை யாரும் நம்புவதில்லை. காரணம் பக்கத்தில்தான் நின்றது, என் தோளில் கை வைத்தபடி.

பாயசத்தைக் குடித்தேன்.

ஆகஸ்ட் 6

போன் செய்தார். பின்னால் லாரிகள் இரையும் சத்தம்.

"அம்மா சொல்லுச்சு" என்றார். "அங்க எதோ பேசுனயாமா."

"ஆமாங்க."

"அதெல்லாம் எதுக்குப் புள்ள. உடு." கொஞ்சம் பொறுத்து, "அம்மாளுக்கு உம்மேல உசுரு இப்ப. பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது."

கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த லாரி இருக்குது பாரு" என்றார். "இன்னிக்கு ஒரு கணவாய் ஏறுனோம். பின்னால அத்தன பாரம். மேடுன்னே தெரியல புள்ள. கால வெச்சாப் போதும், அப்பிடி இழுக்குது."

அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். வண்டி யாருடையது என்பதையே மறந்துவிட்டது போல.

"அப்பிடீங்களா" என்றேன். "நல்ல வண்டிதானுங்க."